அந்தச் சுவரில் நான் வரையச் சொன்ன படகு

தன் வீட்டுச் சுவரில் கடல் வேண்டாம் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். நான் வரையச் சொன்னேன். வரைந்த மாணவியிடம், அந்த அம்மா மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டதாகப் பொய்யும் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு எழுபத்து நான்கு வயது. கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். எந்தச் செய்தியையும் பின்னணியோடு, காரணங்களோடு, கடைசியில் யார் தலையிலும் பழி விழாதபடி எழுதப் பழகியவன். இதையும் அப்படித்தான் எழுத ஆரம்பித்து மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

அந்த வீடு இருந்தது இலங்கைத் தமிழர்களின் அகதிகள் முகாமில். இப்போது பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள். சரவணம்பட்டியில் என் வீட்டிலிருந்து அன்னூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கினால் ஒரு பக்கம் மக்காச்சோளக் காடு, மறுபக்கம் விற்காத வீட்டு மனைகளின் கல் வரிசை. நடுவில் முகாம். முப்பது வருடத்துக்கும் மேலாக அது அங்கே இருந்தது. அன்னூரிலேயே பிறந்து வளர்ந்த நான், பணி ஓய்வு பெறும் வரை அதற்குள் கால் வைத்ததில்லை.

முதல் முறை போனபோது என்னை நிறுத்தியது அந்தச் சுவர்கள்தான். வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், எல்லாச் சுவரிலும் வெறும் சுண்ணாம்பு. நம் ஊரில் சாலையோரம் அப்படி ஒரு வெற்றுச் சுவரைப் பார்க்கவே முடியாது. தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே கட்சிக்காரர்கள் வந்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. முகாம் சுவர்களை யாரும் பிடிக்கவில்லை. காரணம் அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை.

இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் சில ஓவியர்களுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். அதன் கூட்டம் ஒன்றில் சொன்னேன்: ஓட்டில்லாத மக்களின் சுவர்களில் நாம் எழுதுவோம். அவர்கள் கதையை அவர்கள் சுவரிலேயே வரைவோம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்க்கட்டும். எல்லோரும் கை தட்டினார்கள். கல்லூரிகளிலிருந்து ஓவியம் தெரிந்த மாணவர்கள் சேர்ந்தார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, பதினெட்டுச் சுவர்களை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

எடுத்துக்கொள்வது என்றுதான் நாங்கள் சொன்னோம்.

அன்று காலை நான் கையில் நீலச் சுண்ணக்கட்டியோடு முன்னால் நடந்தேன். ஒவ்வொரு சுவரின் மூலையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். என் வீட்டு மதில்மேல் கட்சிக்காரர்கள் எழுதியபோது பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் போட்டவன் நான். வாசலில் நின்றவர்களிடம், "வரைஞ்சுக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்து மரியாதை அது. 'ங்க' போட்டுக் கேட்டுவிட்டால் கேட்டு முடித்ததாக ஒரு நினைப்பு. அவர்கள் வாய் திறப்பதற்குள் எண் விழுந்திருக்கும்.

கடைசி வீட்டின் சுவர்தான் எல்லாவற்றிலும் பெரியது. முகாமுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அந்த வீட்டில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். பக்கத்துக் கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர். பதினெட்டாம் எண் அவருடையது. அந்தச் சுவருக்கு வந்த மாணவி வரைவதில் குழுவிலேயே கை சுத்தமானவள். தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தாள்: சுவர் முழுக்க நீலக் கடல், அதில் ஒரு படகு, படகின் முனையில் ஒரு கையை உயர்த்திக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் ஓர் இளைஞன்.

தாளை அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் அதிக நேரம் பார்க்கவில்லை.

"ஐயா, கடல் வேண்டாம். பூவோ மரமோ, என்னண்டாலும் கீறச் சொல்லுங்கோ." வரைவதை அவர்கள் கீறுவது என்பார்கள்.

"ஏனுங்கம்மா? நல்லாத்தானுங்களே இருக்குது?"

அவர் தாளை என் பக்கமாகத் தள்ளினார்.

"காரணம் சொன்னீங்கன்னா மாத்திரலாமுங்க."

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியாட்கள் முகாமுக்குள் வந்தால் யாராவது ஒருவர் அப்படி வந்து உட்காருவது வழக்கம். அந்த அம்மாவின் கண் ஒரு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தது நினைவிருக்கிறது.

"ஒண்டுமில்லை ஐயா. கீறுங்கோ."

"வலியை மறைச்சு வெச்சா உலகத்துக்கு எப்படித் தெரியுமுங்க?" என்றேன் நான். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப் போயிற்று. மறுநாள் மேடையிலும் அதையே சொன்னேன்.

குழாயடியில் வண்ணம் கலந்துகொண்டிருந்த மாணவி கேட்டாள்: "சார், அந்தம்மா என்னமோ சொன்னாங்களே. ஓகேங்களா?"

"ரொம்பச் சந்தோசம்னு சொன்னாங்க கண்ணு. நீ ஆரம்பி."

மறுநாள் ஞாயிறு, திறப்பு விழா. நாங்கள் போய் இறங்கியபோது பதினெட்டாம் சுவரை ஒரு சேலை மறைத்திருந்தது. கூரை ஓரத்து ஆணியிலிருந்து குழாய்க் கம்பம் வரை கொடி கட்டி, மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலையைக் காயப் போட்டிருந்தார். சொட்டச் சொட்ட ஈரம். பத்திரிகைப் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டு இறக்கினார்.

"அந்தத் துணிய மட்டும் எடுத்துட்டீங்கன்னா முடிச்சுரலாமுங்க."

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் சேலையை யார் தொடுவது? நான் தொட்டேன். கொடியிலிருந்து உருவி, நீரைப் பிழிந்து, நாலாக மடித்து வாசற்படியில் வைத்தேன். நிமிர்ந்தபோது அவர் உள்ளே இருட்டில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து சேலையை எடுத்துக்கொண்டு போனார். விழா முடியும் வரை வெளியே வரவில்லை. படம் பத்திரிகையில் பெரிதாக வந்தது. படகுக்கு முன்னால் நான் நிற்கிறேன். என் சட்டைக் கையில் ஈரம் தெரிகிறது.

அந்த ஓவியங்களால் நன்மை நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் குடும்பமாக வந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா, "இத்தன வருசமா இந்த வழியாத்தான் காட்டுக்குப் போறமுங்க, உள்ள வந்ததே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஒரு சாக்கு நிறையச் சோளக் கதிர் கொண்டுவந்து இறக்கினார். உள்ளூர்க் கோயில் விசேஷத்துக்கு முகாம்காரர்களை முதல் முறையாகப் பந்தியில் உட்கார வைத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, மழைக்குச் சேறாகக் கிடந்த பாதைக்குத் தார் போட்டார்கள். நான் ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் பேசினேன். பின்னால் திரையில் பதினெட்டாம் சுவர் ஒளிரும். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

வெளியூர் நண்பர்கள் இருவருக்குக் காட்டுவதற்காக ஒரு நாள் மதியம் போயிருந்தேன். படகின் முன் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது, எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி என்னைத் திருத்தினாள்.

"அது சும்மா ஆள் இல்லை. இந்த வீட்டு மாமியின்ர மகன்."

"அப்படீங்களா? யாரு சொன்னது கண்ணு?"

"எல்லாரும்தான் சொல்லுவினம். மாமி இந்தப் பக்கத்தால வரமாட்டா. பின்னுக்குத் தகரத்தை விலத்திக்கொண்டு போவா."

நண்பர்களைப் பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். முகாம் தலைவரைத் தேடிப் போனேன். முகாம்காரர்களே தேர்ந்தெடுத்தவர், பெயின்டிங் வேலைக்குப் போகிறவர், என்னைவிட இருபது வயது இளையவர். அவர் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகன். இங்கே வளர்ந்து இங்கே படித்தவன். பல வருடங்களுக்கு முன்னால், வேறு சில பையன்களோடு சேர்ந்து, எங்கோ ஒரு கரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கென்று ஒரு மீன்பிடிப் படகில் ஏறினான். அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. போய்ச் சேர்ந்தார்களா, பிடிபட்டார்களா, மூழ்கினார்களா, எதுவும் தெரியாது. வெளியே சொன்னால் யார் அனுப்பியது, யார் யார் போனது என்று விசாரணை வரும். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் படகில் இருந்ததால் ஊரே வாயை மூடிக்கொண்டது. பின்னாளில், இதை எழுத வேண்டுமா என்று நான் தயங்கியபோது அந்த அம்மா ஒன்றே சொன்னார்: "பேரைப் போடாமல் எழுதுங்கோ."

"நீங்கள் போலீசை வச்சுக்கொண்டு காரணம் கேட்டியள்," என்றார் தலைவர். "அவ என்னத்தைச் சொல்லுவா?"

"நீங்களாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"எங்கட சுவரில என்ன கீறலாம் எண்டு நீங்கள் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டனீங்களோ? நம்பர் போட்டுக்கொண்டு வந்தியள். நம்பர் போட்டுக்கொண்டு ஆர் வந்தாலும் நாங்கள் ஓம் எண்டுதான் சொல்லிப் பழகினனாங்கள், ஐயா."

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. இது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. சோற்றுத் தட்டோடு எழுந்து நடப்பேன். காலையில் பால் வாங்கப் போனால் நாலு தெரு சுற்றிவிட்டுப் பாலில்லாமல் வருவேன். மொட்டை மாடிக்கு ஏறுவேன், என்னத்துக்கு ஏறினேன் என்று தெரியாமல் இறங்குவேன். என் மனைவி ஓய்வு பெற்ற நர்ஸ். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்:

"ஏனுங்க, சர்க்கரை ஏறிப்போச்சுங்களா, இல்ல பாவம் ஏறிப்போச்சுங்களா? இப்பிடி வூட்டை அளந்துட்டு இருக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். மகன் விஷயத்துக்கு அவர் அதிர்ச்சியாவார் என்று நினைத்தேன். அவர் பிடித்துக்கொண்டது வேறு.

"ஈரச் சேலையக் கொடியிலிருந்து உருவுனீங்களா? நீங்களா?"

"ஆமாம்."

"நாப்பத்தஞ்சு வருசத்துல நம்ம வூட்டுக் கொடியிலிருந்து ஒரு துண்டு எடுத்து மடிச்சிருப்பீங்களா? போட்டோன்னதும் அடுத்த வூட்டுக்காரி சேலைய மடிச்சுப்போட்டு வந்திருக்கறீங்க."

நான் மறுபடி மொட்டை மாடிக்கு ஏறினேன்.

எனக்கு வேறொன்று நினைவில் வந்து நின்றுவிட்டது. என் அப்பாவும் அம்மாவும் பிறர் தோட்டத்தில் பண்ணை வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்போ என்னவோ படித்தபோது, வெளிநாட்டு அம்மையார் ஒருவர் கேமராவோடு எங்கள் குடியிருப்புக்கு வந்தார். முந்தின நாளே செய்தி தெரிந்ததால், அம்மா எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுவிட்டிருந்தார். கூட வந்த உள்ளூர்க்காரர், "சட்டையக் கழட்டீட்டு நிக்கட்டும், அப்பத்தான் படம் நல்லா இருக்கும்" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே பொத்தான்களை அவிழ்த்தார். அடுத்த வருடம் அந்தப் படம் நாள்காட்டியில் வந்தது. எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அம்மா அதைச் சுவரில் மாட்டவில்லை. அட்டையை வட்டமாக வெட்டி அரிசிப் பானைக்கு மூடியாக வைத்தார், படம் உள்பக்கமாக. அந்தப் பானையிலிருந்து அரிசி எடுத்துத்தான் நான் வளர்ந்தேன். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் என் விலா எலும்பை நானே பார்ப்பேன். எல்லாம் தெரிந்தவன்தான் அந்தச் சேலையை மடித்தேன்.

சுவரை அழிப்பது என்று தீர்மானித்தேன். குழுவில் சொன்னேன். "சார், நாம செஞ்சதுலயே உருப்படியான சுவர் அது ஒண்ணுதானுங்க. அது இப்ப அந்தம்மா சுவரில்லீங்க, மக்களோட சுவர்" என்றார் ஒருவர். அந்தக் கடைசி வாக்கியம் என் பேச்சிலிருந்து எடுத்தது. குழுவிலிருந்து விலகினேன். யாரும் தடுக்கவில்லை.

முகாம் தலைவர் நேராக மறுத்தார். "படம் பாக்க வந்துதான் ரோட்டுப் போட்டவங்கள். இப்ப அழிச்சா, எங்களுக்கு நன்றியில்லை எண்டு சொல்லுவாங்கள்." என்னை வாசல்வரை கொண்டுவந்து விடும்போது, "எனக்குத் தெரியாமச் செய்யுங்கோ" என்றார்.

மிச்சம் இரண்டு பேர். முதலில் மாணவி. படிப்பை முடித்துவிட்டு சரவணம்பட்டியிலேயே ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸுக்கு எதிரே இருந்த பேக்கரியில் சந்தித்தோம். அவள் இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னாள். நான் சொல்லி முடிக்கும்வரை பன் அப்படியே இருந்தது.

"அவங்க வேண்டாம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க கண்ணு."

"நான் உங்ககிட்ட வந்து கேட்டனே சார். குழாய்கிட்ட நின்னுட்டு. ஓகேங்களான்னு கேட்டனா இல்லீங்களா?"

"கேட்டே."

"இந்த வேலைக்கு இன்டர்வியூ வந்தப்ப அந்தச் சுவரத்தானுங் சார் காட்டினேன். மக்கள்கிட்டக் கேட்டு, அவங்க சம்மதத்தோட செஞ்சதுன்னு வேற சொன்னேன்." குரல் உயரவில்லை. பக்கத்து மேசையில் யாரோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவங்களுக்கு மட்டுமில்லீங் சார், எனக்கும் செஞ்சுபோட்டீங்க."

"அழிக்கலாம்னு இருக்கறேன்."

"அழிங்க. எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அது என்ற சுவரா?"

எழுந்து போய்விட்டாள். இரண்டு டீக்கும் அவளே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் என்று கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை.

அந்த அம்மாவைப் பார்க்கப் போக எனக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. இரண்டு முறை அன்னூர் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தேன். பின்பக்கம் சுற்றிப் போய்த் தகரத்தைத் தட்டினேன். வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததில் பாதி மறந்துவிட்டது. கடல் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நான் மறைத்தேன், சேலையை எடுத்தது தப்பு, சுவரை என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன் என்றேன்.

"நான் சொன்னாச் செய்வியளோ?"

"செய்யறனுங்க."

"பழையபடி வெள்ளையடிச்சுத் தந்தாப் போதும்."

சுண்ணாம்பு வாங்கி ஊற வைத்து, என் கையாலேயே அடித்தேன். ஆள் வைக்கவில்லை. சின்ன வயதில் பொங்கலுக்கு முன்னால் பண்ணைக்காரர் வீட்டுக்கு அப்பா வெள்ளையடிக்கும்போது வாளி தூக்கியவன் என்பதால், வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஈரத்தில் எல்லாம் மறைந்தது. காய்ந்ததும் நீலம் தெரிந்தது. மறுவாரம் இன்னொரு பூச்சு. அதற்கடுத்த வாரம் போனால், வெயிலில் சுண்ணாம்பு ஓடு ஓடாக உரிந்து தரையில் கிடந்தது. படகு முன்னைவிடத் துலக்கமாக, கழுவி விட்டதுபோல் நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

அன்னூரில் பெயின்ட் கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது எமல்சனுங்க. எமல்சன் மேல சுண்ணாம்பு எங்காச்சும் நிக்குமுங்களா? படிச்ச ஆளாட்ட இருக்கறீங்க. சொரண்டோணுமுங்க. சிமிட்டி தெரியற வரைக்கும் சொரண்டோணும். அப்பறம் எதை வேணும்னாலும் அடிச்சுக்குங்க."

இரண்டு தகடுகளும் ஒரு கம்பி பிரஷும் வாங்கினேன். அடுத்த ஐந்து வாரம் செவ்வாய்க்கிழமைகளில் போனேன். அன்றுதான் அந்த அம்மாவுக்குப் பண்ணையில் விடுமுறை. ஒரு நாளைக்கு என்னால் ஒரு பாய் அகலம்தான் சுரண்ட முடிந்தது. நீலத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். அவர் வெளியே வர மாட்டார். உள்ளே அவர் நடமாடுவது கேட்கும். சுரண்டுவதை நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டு போவேன். மூன்றாம் வாரம், வீட்டின் பின்பக்கம் திரும்பும் மூலையில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது. நாலாம் வாரம் தேநீர் இருந்தது.

தேநீரை எடுத்தபோது உள்ளிருந்து அவர் சொன்னார்: "அந்தப் பிள்ளை வந்தது."

"எந்தப் பிள்ளைங்க?"

"கீறின பிள்ளை. போன ஞாயிறும் வந்தது, அதுக்கு முந்தின ஞாயிறும் வந்தது."

"என்ன கேட்டுதுங்க?"

"ஒண்டும் கேக்கேல்ல. தேத்தண்ணி குடிச்சது. வெங்காயம் உரிச்சுத் தந்தது. போயிட்டுது."

அந்த நாலு வாக்கியத்தை நான் எத்தனை முறை திருப்பித் திருப்பி நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. முப்பது கூட்டங்களில் நான் பேசியது எதுவும் அதற்கு ஈடாகாது.

ஐந்தாம் வாரம் கடல் முழுக்கப் போயிருந்தது. படகையும் முடித்துவிட்டேன். மிஞ்சியது முனையில் நின்ற அந்த இளைஞன் மட்டும். தகட்டை அவன் காலருகில் வைத்தேன். முன்கதவு திறந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

"அவனை விடுங்கோ."

நான் புரியாமல் திரும்பினேன்.

"அவன் நிக்கட்டும்." வாசற்படியில் இறங்கி வந்து, சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து தகட்டை வாங்கி, அவன் பாதத்துக்குக் கீழே ஒட்டியிருந்த நீலத்தை மட்டும் தானே சுரண்டினார். நகத்தால்கூடச் சுரண்டினார். என்னைவிட அவருக்குக் கை சுத்தம். ஒரு விரற்கடை நீலம்கூட மிச்சம் வைக்கவில்லை. நான் ஒதுங்கி நின்றேன்.

முடித்ததும் மற்ற இடம் முழுக்க இருவருமாகச் சுண்ணாம்பு அடித்தோம். இந்த முறை பிடித்தது.

கடலும் படகும் இல்லாமல் அவன் நிற்கும் விதம் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. அலைக்கு ஏற்றபடி முழங்காலை லேசாக மடித்து, ஒரு கையை மேலே தூக்கி, இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கத்தினார்கள்: "மாமி, அண்ணா பஸ்ஸில நிக்கிறார்!" அந்த அம்மா ஒரு கணம் சுவரைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்த்து அல்ல, பிள்ளைகளைப் பார்த்து.

கேட்பதாக நினைத்ததை அப்போது கேட்டேன். "என்னை மன்னிச்சுக்குவீங்களா?"

அவர் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு பத்து பஸ் போயிட்டுது, ஐயா. இனி நாலரைக்குத்தான். வெயிலுக்க நிக்காமல் இதில இருங்கோ."

வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய்விட்டார். முன்கதவைச் சாத்தவில்லை.

அதிகாரிகள் அடுத்த முறை வந்தபோது பெரிய படம் எங்கே என்று கேட்டார்களாம். மழையில் போய்விட்டது என்று தலைவர் சொல்லியிருக்கிறார். குழுவின் அறிக்கையில் பழைய படம்தான் இன்னும் வருகிறது. எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. இன்னொரு முறை எழுதியிருக்கிறேன். மாணவி ஞாயிறுகளில் போகிறாள் என்று கேள்விப்படுகிறேன். நான் செவ்வாய்க்கிழமை போகிறேன். அவளைச் சந்திக்க வேண்டி வராது.

இப்போதும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. பஸ்ஸில் யாராவது எழுந்து, "பெரியவரே, உக்காருங்க" என்றால்கூட, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் போகிறேன். போன செவ்வாய் நான் போனபோது, கூரை ஓரத்து ஆணியில் பழைய கொடி திரும்பக் கட்டியிருந்தது. பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பையன் நிற்கும் இடத்தை விட்டு, இந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தார்.